பெரோஸ் காந்தியின் நாடாளுமன்றம்



சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவை 1952 மே மாதம் கூடியபோது, காங்கிரஸ் வரிசையின் பின்னிருக்கை ஒன்றில் நாற்பதை எட்டிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர் அமர்ந்திருந்தார். ரேபரேலிப் பகுதி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்; பிரதமர் நேருவின் மருமகன். அடுத்த மூன்றரை ஆண்டுகள் அவர் அவையில் குறிப்பிடத்தக்க உரை எதையும் நிகழ்த்தவில்லை. பிறகு 1955 டிசம்பர் 6 அன்று எழுந்தவர், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். ஒன்றரை மாதத்துக்குள் நாட்டின் ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த மசோதா ஒன்று சட்டமானது. அதற்கும் அடுத்த ஆண்டு அவர் எழுப்பிய விவாதம், சுதந்திர இந்தியாவின் மிகத் திறமையான நிதியமைச்சர்களில் ஒருவரைப் பதவி விலகச் செய்தது. 1960 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பால் இறந்தபோது, நாற்பத்தெட்டு வயது நிறைய நான்கு நாள்கள் மிச்சமிருந்தன.

பெரோஸ் காந்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் யாருக்கு மருமகன், யாருக்குக் கணவர், யாருக்குத் தந்தை என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த உரை அவர் அவையில் செய்த வேலையைப் பற்றியது. நாடாளுமன்றத்தில் ஐந்தே ஆண்டுகள் முழு வேகத்தில் இயங்கிய ஒருவர் ஒரு நாட்டின் பொது வாழ்வில் எவ்வளவு தூரம் போக முடிந்தது, எதனால் போக முடிந்தது என்பதே இங்கே கேள்வி.

பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் 1912இல் பிறந்து அலகாபாத்தில் வளர்ந்தவர் பெரோஸ். 1930இல் கல்லூரியை விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். பைசாபாத் சிறையில் லால் பகதூர் சாஸ்திரியோடு இருந்தார். பிறகு லண்டனில் படித்தார். 1942 மார்ச்சில் இந்திராவை மணந்தார். அதே ஆண்டு இருவருமே சிறைக்குப் போனார்கள். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று, 1940களின் பிற்பகுதியில் லக்னோவில் நேஷனல் ஹெரால்ட் நாளிதழின் நிர்வாக இயக்குநராக அவர் இருந்தது. அச்சுக்கூடத்துக் கடன், காகிதச் செலவு, விளம்பரம் தருகிறவரின் கோபம், ஒரு வழக்கு வந்தால் சிறு பத்திரிகை படும் பாடு, இவையெல்லாம் அவர் உள்ளிருந்து பார்த்தவை. பின்னால் அவர் கொண்டுவந்த மசோதாவைப் புரிந்துகொள்ள இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த முதல் பேச்சு.

1955இல் ஆயுள் காப்பீடு தனியார் தொழில். அரசுடைமை ஆக்கியபோது எண்ணிப் பார்த்ததில் இந்திய நிறுவனங்கள் 154, வெளிநாட்டு நிறுவனங்கள் 16, சேமநிதிச் சங்கங்கள் 75, ஆக மொத்தம் 245 இருந்தன. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் 25 கம்பெனிகள் திவாலாகியிருந்தன. இன்னும் 25 கம்பெனிகள் கையிருப்பைக் கரைத்துவிட்டு, வியாபாரத்தை வேறு நிறுவனங்களின் தலையில் கட்டியிருந்தன. பணம் கட்டியவர்கள் குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், சிறு கடைக்காரர்கள். தான் போன பின் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது என்று மாதச் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பணம் அது.

காப்பீட்டுப் பணத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இன்று வாங்கும் பிரீமியத்துக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் பணம் எங்கே போகிறது என்று பாலிசிதாரருக்குத் தெரியாது. கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளிக்கு மட்டுமே தெரியும். அவருக்கு வேறு தொழில்களும் பங்குச் சந்தைப் பித்தும் இருந்துவிட்டால், ஒரு கல்லாவிலிருந்து இன்னொரு கல்லாவுக்குப் பணம் நகர்வது ஒரு கையெழுத்து வேலைதான்.

பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியில் நடந்தது இதுதான். அதன் தலைவர் ராமகிருஷ்ண டால்மியா அன்றைய இந்தியாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழை வெள்ளையரிடமிருந்து வாங்கியவரும் அவரே. பங்குகளில் நடத்திய யூக வியாபாரத்தில் வந்த நஷ்டத்தை அடைக்க, காப்பீட்டுக் கம்பெனியின் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிடப்பட்டது. பெரோஸ் அவையில் எழுந்தபோது கையில் காகிதங்கள் இருந்தன. எந்தக் கம்பெனியிலிருந்து எந்தக் கம்பெனிக்கு, எந்த நாளில், எந்தக் கணக்கில் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூன்றரை ஆண்டு மௌனம் எதில் கழிந்தது என்று அன்று அவைக்குப் புரிந்திருக்கும்.

1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம், நாம் எல்.ஐ.சி. என்று அழைக்கும் நிறுவனம், பிறந்தது. பெரோஸ் பேச்சு ஒன்றாலேயே இது நடந்தது என்று சொன்னால் மிகையாகும். அரசுக்குள் அந்த யோசனை முன்பே இருந்தது. நிறுவனங்கள் உஷாராகிப் பணத்தை ஒதுக்கிவிடாமலிருக்க ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு பெரும் தொழிலை ஒரே இரவில் எடுத்துக்கொள்ளும் துணிச்சலுக்கு நாட்டின் மனம் பக்குவப்பட வேண்டும். அதைச் செய்தது டிசம்பர் 6ஆம் தேதி உரை. டால்மியாவுக்கு நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1962இல் உச்ச நீதிமன்றமும் அவர் குற்றவாளியே என்று உறுதி செய்தது. அந்தக் குழுமத்தின் மற்ற கம்பெனிகளை ஆராய விவியன் போஸ் தலைமையில் தனி ஆணையம் அமைந்தது.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அவைக்குள் ஓர் உறுப்பினர் என்ன பேசினாலும் அவர்மீது வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 105ஆம் பிரிவு அவருக்கு முழுக் காப்புத் தருகிறது. அதே பேச்சை மறுநாள் அச்சிடும் பத்திரிகைக்கு அந்தக் காப்பு கிடையாது. நாடாளுமன்றத்தின் அதிகாரத்தோடு வெளியிடப்படும் அவைக் குறிப்புக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. அந்தத் தடித்த தொகுதிகளை எத்தனை பேர் படிப்பார்கள்? ரேபரேலி விவசாயி தன் உறுப்பினர் பேசியதைச் செய்தித்தாளில்தான் படிக்க முடியும். செய்தித்தாளோ, கோடீஸ்வரர் ஒருவர் மானநஷ்ட வழக்குப் போடுவாரோ என்று அஞ்சிப் பெயரை விட்டுவிடும், தொகையை விட்டுவிடும், கடைசியில் செய்தியையே விட்டுவிடும்.

பெரோஸ் இதற்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அமைச்சர்கள் கொண்டுவருவது அரசு மசோதா. மற்ற உறுப்பினர்கள் தாமாகக் கொண்டுவருவது தனிநபர் மசோதா. அதற்கென்று ஒதுக்கப்பட்டிருப்பது வெள்ளிக்கிழமைப் பிற்பகலின் இரண்டரை மணி நேரம். பெரும்பாலான உறுப்பினர்கள் ஊருக்கு ரயிலேறும் நேரம். சுதந்திரத்துக்குப் பின் இன்றுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. 1970க்குப் பிறகு ஒன்றுகூட நிறைவேறவில்லை. அந்தப் பதினான்கில் ஒன்று, 1956ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டம்.

மிகச் சிறிய சட்டம் அது. நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் நடந்ததைப் பெருமளவு உண்மையாகச் செய்தித்தாளில் வெளியிட்டதற்காக யார்மீதும் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர முடியாது. கெட்ட நோக்கத்தோடு வெளியிட்டதாக நிரூபித்தால் மட்டும் இந்தக் காப்பு விலகும். பொது நன்மைக்கு உதவாத செய்திக்கும் இது பொருந்தாது. வானொலிக்கும் இதே விதி. அவ்வளவுதான். டால்மியா உரையைவிட, அடுத்து நான் சொல்லப்போகும் முந்திரா விவாதத்தைவிட, பெரோஸ் காந்தி இந்த நாட்டுக்கு விட்டுச்சென்ற பெரிய கொடை இந்தச் சிறு சட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து. அவையில் பேசப்படுவதைக் கேட்கும் உரிமை அதனால் ஓட்டுப் போட்டவருக்குக் கிடைத்தது.

இப்போது முந்திரா விவகாரத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஹரிதாஸ் முந்திரா கல்கத்தாவைச் சேர்ந்த தொழிலதிபர், பங்கு வியாபாரி. கடன் வாங்கிக் கம்பெனிகளைப் பிடிப்பதும், பிடித்த கம்பெனியின் பங்குகளை அடகு வைத்து அடுத்ததைப் பிடிப்பதும் அவர் வழி. 1957 நடுவில் பங்குச் சந்தை சரிந்தபோது அவர் கழுத்தளவு கடனில் நின்றார். அந்த ஜூன் மாதத்தில் பம்பாயில் நிதித்துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம். பட்டேலைச் சந்தித்தார். சில நாள்களுக்குள் எல்.ஐ.சி. அவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் குரூடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் என்பவை அந்த ஆறு. பிறந்து ஓராண்டு நிறையாத அரசு நிறுவனம், கடனில் மூழ்கும் ஒருவரிடமிருந்து நேரடியாக, சந்தைக்கு வெளியே இவ்வளவு பெரிய தொகைக்குப் பங்கு வாங்கியது. முதலீடு பற்றி ஆலோசனை சொல்லவென்றே கழகத்துக்கு ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதை முன்கூட்டி யாரும் கேட்கவில்லை.

செய்தி மெல்லக் கசிந்தது. செப்டம்பரில் பீகார் காங்கிரஸ் உறுப்பினர் ராம் சுபக் சிங் அவையில் கேள்வி கேட்டார். நிதியமைச்சகம் பிடிகொடுக்காமல் பதில் சொன்னது. நவம்பர் இறுதியில் மறுபடி கேள்வி வந்தது. துணைக் கேள்விகள் அடுக்கடுக்காக எழுந்தன. நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தின் அருமை இங்கேதான் விளங்கும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். எழுதி வந்த பதிலைப் படித்தபின், உடனே தொடுக்கப்படும் துணைக் கேள்விகளுக்கு எழுதி வந்த பதில் இருக்காது. ஒவ்வொரு பதிலும் பதிவாகும். மூன்று மாதத்தில் சொன்ன பதில்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படிக்க ஒருவர் இருந்தால் போதும். பெரோஸ் அந்த வேலையைச் செய்தார்.

டிசம்பர் 16 அன்று விவாதம். அன்று அவையில் மோதல் கடுமையாக இருக்கும், தான் அடித்தால் ஓங்கி அடிப்பவன், அதைவிட ஓங்கித் திருப்பி அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தே வந்திருக்கிறேன் என்ற பொருளில் அவர் தொடங்கினார். தன் மனத்துக்குள் எழுந்த கலகம் இந்த விவாதத்தை எழுப்பக் கட்டாயப்படுத்தியது என்றும், இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கும்போது பேசாமலிருப்பது குற்றமாகிவிடும் என்றும் சொன்னார். சொன்னவர் ஆளுங்கட்சி உறுப்பினர் என்பதை நினைவில் வையுங்கள். எதிரில் பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய கட்சியின் நிதியமைச்சர். அந்த அரசின் பிரதமர் அவருடைய மாமனார்.

ஆனால் அந்தத் தொடக்கத்தின் சூட்டைவிட, அதன்பின் வந்த கணக்குதான் உரையின் உயிர். பேரத்துக்கு முந்தைய நாள்களில் அந்தப் பங்குகளின் விலை எப்படி ஏறியிருந்தது, எந்த விலைக்குக் கழகம் வாங்கியது, வாங்கியபின் விலை எப்படி இறங்கியது என்று தேதிவாரியாக வைத்தார். சரிந்துகொண்டிருந்த சந்தையை நிமிர்த்தவே வாங்கினோம் என்பது அரசுத் தரப்பின் வாதம். சந்தையை நிமிர்த்துவதென்றால் நல்ல கம்பெனிகளின் பங்குகளைச் சந்தையில் அல்லவா வாங்க வேண்டும்? ஒரே மனிதரின் கம்பெனிகளை மட்டும், அவரிடமிருந்தே நேராக வாங்கினால் நிமிர்வது சந்தையா, அந்த மனிதரா? அமைச்சரும் செயலாளரும் நடத்திய கடிதப் போக்குவரத்தின் விவரங்கள்கூட பெரோஸின் கைக்கு வந்திருந்தன. பொதுப் பணத்தைக் கையாள நாடாளுமன்றமே உருவாக்கிய மிகப் பெரிய நிதி நிறுவனத்தை நாடாளுமன்றம்தான் கண்காணிக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் அடித்தளம்.

இதில் ஒரு கணம் நிற்க வேண்டும். எல்.ஐ.சி. யாருடைய பேச்சால் வேகம் பெற்றுப் பிறந்ததோ, அவரே இரண்டு ஆண்டுகளில் அதன் கணக்கைக் கேட்டு எழுந்தார். தனியார் முதலாளிகள் கொள்ளையடித்தார்கள், அரசு எடுத்துக்கொண்டது, கதை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. பொதுத்துறையின் தீவிர ஆதரவாளர் அவர். இருந்தும் பொதுத்துறை தவறு செய்தால் மூடிமறைப்பது அதற்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தார். தான் ஆதரித்த கொள்கையின் குழந்தையைத் தானே கண்டிக்கும் இந்த நேர்மை நம் பொது வாழ்வில் அரிது. ஒரு கொள்கையை ஆதரிப்பவர்கள் அதன் குறைகளைப் பேச மாட்டார்கள். எதிர்ப்பவர்கள் குறைகளை மட்டுமே பேசுவார்கள். இரண்டுக்கும் நடுவில் உண்மை அநாதையாகிவிடுகிறது.

எதிரில் இருந்தவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நம் சென்னைக்காரர். தென்சென்னைத் தொகுதியிலிருந்து வென்றவர். வியாபாரத்தில் தேறி அரசியலுக்கு வந்தவர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அந்தக் குழுவின் சுமை பெரும்பாலும் அம்பேத்கர் ஒருவர் தோளிலேயே விழுந்தது என்று அரசியல் நிர்ணய சபையில் மனம் திறந்து சொன்னவர் அவர்தான். 1957இல் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்து பணக்காரர்களின் பகையைத் தேடிக்கொண்ட அமைச்சரும் அவரே. முந்திராவிடமிருந்து அவர் ஒரு பைசா பெற்றதாக யாரும் நிரூபிக்கவில்லை. அதனால்தான் இந்த வழக்கு இன்றும் படிக்கத் தகுந்தது. லஞ்சம் வாங்கிய அமைச்சர் விலகுவதில் படிக்க என்ன இருக்கிறது? தன் துறையில், தன் செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சர் எவ்வளவு பொறுப்பு என்பதே இங்கே கேள்வி.

விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை அரசு ஏற்றது. 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனிநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். விசாரணையை அவர் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். பம்பாயில் கூட்டம் அலைமோதியது. இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதியமைச்சர், முதன்மைச் செயலாளர், ரிசர்வ் வங்கி ஆளுநர், ஸ்டேட் வங்கித் தலைவர், எல்.ஐ.சி. அதிகாரிகள் என்று நாட்டின் பணத்தை ஆளும் பெரிய மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். அரசின் தலைமை வழக்கறிஞர் எம்.சி. சேதல்வாட் ஆணையத்துக்கு உதவினார். அமைச்சரை அவர் தயவு காட்டாமல் விமர்சித்தார். பிப்ரவரி 10 அன்று அறிக்கை தயார். நியமனத்திலிருந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்று விசாரணை ஆணையங்களுக்கு நீட்டிப்புமேல் நீட்டிப்புத் தந்து, அறிக்கை வரும்போது குற்றம் செய்தவரும் இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை என்ற நிலையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்ப முடியாத வேகம்.

பேரம் வியாபார நெறிக்கு ஒத்ததாக இல்லை என்று சாக்ளா தீர்ப்புச் சொன்னார். முதலீட்டுக் குழுவைக் கேட்டிருந்தால் முந்திராவின் யோக்கியதையை அறிந்தவர்கள் தடுத்திருப்பார்கள் என்றார். செயலாளரின் செயலுக்கு அரசியல் சட்டப்படி அமைச்சரே பொறுப்பு. எனக்குத் தெரியாது என்று அவர் ஒதுங்க முடியாது என்றும் சொன்னார். கிருஷ்ணமாச்சாரி அந்த மாதமே விலகினார். நேரு தம் சகாவிடம் பரிவு காட்டினார். ஆனால் விலகலை ஏற்றுக்கொண்டார். நிதித் துறையைத் தாமே எடுத்துக்கொண்டு, பிப்ரவரி 28 அன்று வரவுசெலவுத் திட்டத்தையும் தாமே படித்தார். கிருஷ்ணமாச்சாரி சில ஆண்டுகளில் அமைச்சரவைக்குத் திரும்பினார். 1963இல் மறுபடி நிதியமைச்சரானார். முந்திரா சிறைக்குப் போனார்.

டால்மியாவும் முந்திராவும் பெயர் பெற்ற அத்தியாயங்கள். வேறு விவாதங்களிலும் பெரோஸின் கை தெரிந்தது. டாடாவின் டெல்கோ நிறுவனம் ரயில்வேக்கு விற்ற எஞ்சின்களின் விலை, ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் எஞ்சினின் விலையைவிட மிக அதிகம் என்று கணக்குக் காட்டி, அதை அரசுடைமை ஆக்க வேண்டும் என்று வாதாடினார். டாடாவும் பார்சி, தானும் பார்சி. சமூகத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. 1959இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அரசு கலைக்கப்பட்டதை அவர் எதிர்த்தார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் அவருடைய மனைவி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சொந்தம் என்ற ஒன்று அவருடைய வாதத்தை எங்கும் வளைக்கவில்லை என்பது தெரியும்.

நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு ‘பெரோஸ் மூலை’ என்றே பெயர். பத்திரிகையாளர்களும் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அங்கே கூடினார்கள். தகவல் அங்கே வந்தது, சரிபார்க்கப்பட்டது, கேள்வியாக மாறி அவைக்குள் போனது. அவருக்கு ஆய்வு உதவியாளர் படை கிடையாது. நூலகம் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், கம்பெனிகளின் இருப்புநிலை அறிக்கையைப் பொறுமையாகப் படிக்கும் கண் இருந்தது. கிண்டலும் இருந்தது; ஆனால் அவைக் குறிப்பைப் படிக்கும்போது கிண்டல் ஓரிரு வரி, எண்கள் பல பக்கம். மேடைப் பேச்சின் வளத்தில் ஊறிய நாம் இதைக் கவனிக்க வேண்டும். அடுக்குமொழியில் அவை குலுங்கும், மறுநாள் மறந்துபோகும். தேதியும் தொகையும் போட்டுக் கேட்ட கேள்விக்கு அமைச்சர் என்றாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்படி ஒருவர் இன்று எழ முடியுமா என்று கேட்பீர்கள். நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. முதல் மக்களவை தன் ஆயுளில் 677 நாள்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை கூடியது 274 நாள்கள். பாதிகூட இல்லை. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பேசாமலிருப்பதற்கு இதைக் காரணம் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் வாக்கைத்தான் கட்டுப்படுத்துகிறது. கேள்வி கேட்பதை அது தடுக்கவில்லை. கணக்குக் கேட்டு விவாதத்தில் பேசுவதையும் தடுக்கவில்லை. முந்திரா விவாதத்தில் பெரோஸ் அரசைக் கவிழ்க்க வாக்களிக்கவில்லை, கேட்டார், காட்டினார். அந்த அளவுக்கு இன்றும் எந்தச் சட்டத்திலும் தடை இல்லை. தேர்தலில் மறுபடி இடம் கிடைக்குமா என்ற அச்சம்தான் வாயைக் கட்டுகிறது. அந்த அச்சம் 1957இலும் இருந்திருக்கும்.

1956இன் அந்தச் சிறு சட்டத்தின் பிற்காலத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரோஸ் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆனபின் நெருக்கடி நிலை வந்தது. 1975 டிசம்பரில், பத்திரிகைத் தணிக்கை உச்சத்தில் இருந்தபோது, அவசரச் சட்டத்தின் மூலம் பெரோஸ் காந்தியின் சட்டம் நீக்கப்பட்டது. 1976இல் நாடாளுமன்றம் அந்த நீக்கத்தை நிறைவேற்றியது. அப்போது பிரதமர் இந்திரா காந்தி. அவையில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் துணிந்து பேசினாலும் அச்சிடுகிறவருக்கு இனிச் சட்டக் காப்பு இல்லை என்றாயிற்று. 1977இல் ஜனதா அரசு அதே சட்டத்தை மீண்டும் கொண்டுவந்தது. அந்த அமைச்சரவையின் நிதியமைச்சர், முந்திரா விசாரணையில் சாட்சிக் கூண்டில் நின்ற அதே எச்.எம். பட்டேல். எளிதில் யாரும் நீக்கிவிடாதபடி, 1978இன் நாற்பத்து நான்காவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை 361-ஏ என்ற பிரிவாக அரசியல் சட்டத்துக்குள்ளேயே வைத்தது. சட்டமன்றங்களுக்கும் அதை விரித்தது. இன்று நம் சட்டப்பேரவையில் நடப்பதை நாளிதழ்கள் அஞ்சாமல் அச்சிடுவதற்கும் அந்தப் பிரிவே துணை.

இங்கே கூடியிருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். மக்களவை விவாதங்கள் முதல் நாளிலிருந்து நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1957 டிசம்பர் 16ஆம் தேதிப் பதிவை எடுத்துப் படியுங்கள். படித்து முடித்த கையோடு, உங்கள் தொகுதி உறுப்பினர் கடந்த கூட்டத் தொடரில் என்ன கேள்வி கேட்டார், அதற்கு என்ன பதில் வந்தது என்று தேடுங்கள். அதுவும் அங்கேயே இருக்கிறது. கேட்காமலிருந்தால், உங்கள் ஊரில் கேட்க வேண்டிய ஒன்றைத் தேதியோடும் தொகையோடும் எழுதி அவருக்கு அனுப்புங்கள்.